டேகேர் செலவும் வரியில்லாப் பணமும்: ஒரு சலுகையின் நிறைகுறைகள்

அமெரிக்காவில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் இளம் குடும்பங்களில், வீட்டு வாடகைக்கோ வீட்டுக்கடனுக்கோ அடுத்தபடியாகப் பணம் போகும் இடம் பெரும்பாலும் டேகேர்தான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வாஷிங்டன் டி.சி.யிலும் மாசசூசெட்ஸிலும் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் ஆகிறது. குழந்தைப் பராமரிப்புச் செலவு குடும்ப வருமானத்தில் 7 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அதைத் தாங்கக்கூடியது எனலாம் என்று அந்நாட்டு மத்திய சுகாதாரத் துறை 2016இல் ஓர் அளவுகோல் வகுத்தது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 20,000 டாலர் கட்டணத்தைத் தாங்க ஒரு குடும்பம் ஆண்டுக்கு 2,85,000 டாலருக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். அவ்வளவு சம்பாதிப்பவர்கள் சிலரே. கட்டணம் கட்டுபவர்களோ எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள்.

இந்தச் சுமையைக் குறைக்க அமெரிக்க வரிச்சட்டம் வைத்திருக்கும் வழிகளில் ஒன்று, சார்ந்திருப்போர் பராமரிப்புக்கான சேமிப்புக் கணக்கு. அலுவலக வழக்கில் இதை ‘டிபென்டென்ட் கேர் எஃப்.எஸ்.ஏ.’ என்பார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை வரி பிடிப்பதற்கு முன்பே ஒதுக்கி, டேகேர் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறும் ஏற்பாடு இது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பரில் மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் பருவம் வரும்போது லட்சக்கணக்கான பெற்றோர் படிவத்தில் இந்தக் கணக்குக்கான கட்டத்தையும் நிரப்புகிறார்கள். எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்ற கணக்கைப் போடாமலே பலர் நிரப்புகிறார்கள். கணக்கைப் போடாமலே பலர் விட்டும்விடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு இது: தகுதியும் தேவையும் உள்ள குடும்பம் இந்தக் கணக்கைத் தயங்காமல் பயன்படுத்தலாம், சில குடும்பங்கள் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஒரு நாட்டின் குழந்தைப் பராமரிப்புக் கொள்கை என்று பார்த்தால் இது நியாயமற்றது. அதிகம் தேவைப்படுபவருக்குக் குறைவாகவும் குறைவாகத் தேவைப்படுபவருக்கு அதிகமாகவும் கொடுப்பதுதான் இதன் அமைப்பு. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

எப்படி வந்தது

இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டதால், லான்ஹம் சட்டத்தின் நிதியைக் கொண்டு அமெரிக்க அரசே குழந்தைகள் காப்பகங்களை நடத்தியது. போர் முடிந்ததும் அவை மூடப்பட்டன. 1971இல் செனட்டர் வால்டர் மாண்டேல், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் பிராடெமஸ் ஆகியோரின் முயற்சியில், நாடு தழுவிய காப்பகங்களுக்கு வழிசெய்யும் குழந்தை மேம்பாட்டு மசோதா காங்கிரஸின் இரு அவைகளிலும் நிறைவேறியது. வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் என்பதே அதன் நோக்கம். அந்த டிசம்பரில் அதிபர் நிக்சன் அதைத் தடுப்பதிகாரத்தால் வீழ்த்தினார். குழந்தை வளர்ப்பைக் குடும்பத்திடமிருந்து சமூகத்துக்கு மாற்றும் முயற்சி என்பது அவருடைய எதிர்ப்பின் சாரம்.

அதே வாரத்தில் அவர் கையெழுத்திட்ட வருவாய்ச் சட்டம், வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தைப் பராமரிப்புச் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளும் சலுகையை விரிவாக்கியது. அமெரிக்கா எந்தப் பாதையில் போகப்போகிறது என்பதை இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்து தீர்மானித்தன. அரசு காப்பகம் கட்டாது. பெற்றோர் சந்தையில் தேடிக்கொள்ள வேண்டும். அரசு வரியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். 1976இல் அந்தக் கழிவு, கட்டவேண்டிய வரியிலிருந்தே கழிக்கும் டாக்ஸ் கிரெடிட்டாக மாறியது. ரீகன் ஆட்சியின் 1981 வரிச்சட்டம், நிறுவனங்கள் வழியாகத் தரப்படும் பராமரிப்பு உதவிக்கு வரிவிலக்கு அளித்தது. வரிச்சட்டத்தின் 129ஆம் பிரிவு அது. நாம் பேசும் கணக்கு அதிலிருந்து பிறந்தது.

1986 வரிச் சீர்திருத்தச் சட்டம் அந்த விலக்குக்கு 5,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. அந்த எண்ணில்தான் பெரும்பிழை இருக்கிறது. விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. 1986இன் 5,000 டாலர் இன்றைய மதிப்பில் 14,000 டாலருக்கு மேல். ஆனால் ஏறக்குறைய 40 ஆண்டுகள் வரம்பு அசையவில்லை. கோவிட் காலத்தில், 2021ஆம் ஆண்டுக்கு மட்டும், 10,500 டாலராக உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டே அது பழைய இடத்துக்குத் திரும்பியது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச்சட்டம் 2026 முதல் வரம்பை 7,500 டாலராக்கியிருக்கிறது. கணவனும் மனைவியும் தனித்தனியாக வரிக்கணக்குத் தாக்கல் செய்தால் ஆளுக்கு 3,750. உயர்வை வரவேற்கலாம். ஆனால் இந்தப் புதிய எண்ணும் விலைவாசியோடு பிணைக்கப்படவில்லை. 1986இல் செய்த பிழை தெரிந்தே மீண்டும் செய்யப்பட்டிருக்கிறது.

நிறைகள்: கையில் நிற்கும் பணம்

முதல் நிறை, சேமிப்பின் உறுதி. ஒதுக்கும் பணத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. அதோடு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியாகச் சம்பளத்திலிருந்து பிடிக்கும் 7.65 சதவீதமும் இல்லை. ஓய்வூதியச் சேமிப்பான 401கே-யில் போடும் பணத்துக்குக்கூட இந்த இரண்டாவது விலக்கு கிடையாது. 22 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 7,500 டாலரில் ஏறத்தாழ 2,224 டாலர் மிச்சம். பெரும்பாலான மாநிலங்களில் மாநில வரியும் சேர்ந்து மிச்சமாகும். நியூ ஜெர்சி இதற்கு விதிவிலக்கு. தமிழர்கள் கணிசமாக வாழும் அம்மாநிலம் இந்தப் பணத்துக்குத் தன் வரியை விடுவதில்லை. ஆகவே அங்கே இருப்பவர்கள் மத்திய வரியின் மிச்சத்தை மட்டும் வைத்துத் திட்டமிட வேண்டும்.

நிறுவனத்துக்கும் இதில் லாபம் உண்டு. ஊழியர் ஒதுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் நிறுவனம் தன் பங்காகக் கட்டவேண்டிய 7.65 சதவீதம் மிச்சமாகிறது. திட்டத்தை நடத்தும் செலவு பெரும்பாலும் இதிலேயே அடைபடும். ஆகவே, ‘எங்கள் கம்பெனியில் இந்த வசதி இல்லை’ என்று சொல்பவர்கள் ஹெச்.ஆர். துறையிடம் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

இரண்டாவது நிறை, பயன்படும் செலவுகளின் பரப்பு. டேகேர் மையம் மட்டும் இல்லை. ப்ரீஸ்கூல், பள்ளிக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளும் வகுப்புகள், கோடை விடுமுறைப் பகல்நேர முகாம்கள், வீட்டுக்கு வந்து குழந்தையைக் கவனிப்பவரின் சம்பளம் எல்லாம் இதில் அடங்கும். குழந்தைக்கு 13 வயது ஆகும்வரை பயன்படுத்தலாம். தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாத நிலையில் நம்மோடு வாழ்ந்து, நம் ஆதரவில் இருக்கும் தாய் தந்தையைப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் விடும் செலவுக்கும் இது பொருந்தும். கிரீன் கார்டு பெற்றுப் பிள்ளைகளோடு தங்கிவிட்ட முதிய பெற்றோர் உள்ள வீடுகளில் இந்த வழி அதிகம் தெரியாமலேயே இருக்கிறது.

மூன்றாவது நிறையைப் பலரும் குறையாகவே நினைக்கிறார்கள். இந்தச் சலுகையைப் பெற, குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் வரி அடையாள எண்ணை 2441ஆம் படிவத்தில் எழுத வேண்டும். ரொக்கமாக வாங்கிக்கொண்டு எண்ணைத் தர மறுக்கும் இடங்களில் பெற்றோருக்குத் தொல்லைதான். ஆனால் அந்த எண் எழுதப்படும்போது, பிறர் குழந்தைகளைத் தூக்கிச் சுமக்கும் ஒரு பெண்ணின் உழைப்பு கணக்கில் ஏறுகிறது. வீட்டுக்கு வந்து வேலை செய்யும் ஆயாவுக்கு 2025இல் ஆண்டுச் சம்பளம் 2,800 டாலரைத் தொட்டாலே, வேலைகொடுத்தவர் சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியாக வேண்டும். அந்த வரிதான் நாளை அவருடைய முதுமைக்கு ஓய்வூதியம். நமக்குச் சில டாலர் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவாவது அவருடைய உழைப்பு பதிவாகிறது என்றால் அதை நல்லதென்றே சொல்ல வேண்டும்.

குறைகள்: முதலில் நடைமுறையில்

இந்தக் கணக்கில் போட்ட பணத்தைக் குறித்த காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். மருத்துவச் செலவுக்கான எஃப்.எஸ்.ஏ.வில் ஒரு சிறு தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக நிறுவனங்கள் அனுமதிக்கலாம். டேகேர் கணக்கில் அந்த வசதி கிடையாது. நிறுவனம் விரும்பினால் மார்ச் 15 வரை இரண்டரை மாதக் கூடுதல் அவகாசம் தரலாம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. தவறவிட்ட பணம் அரசுக்குக்கூடப் போவதில்லை. நிறுவனத்தின் திட்டத்துக்கே திரும்புகிறது. ஊழியரின் சம்பளம் அது. ஒரு காகிதம் தாமதமானதற்காக அதை இழக்கச் செய்வது எந்த விதத்திலும் நியாயமில்லை.

இரண்டாவது சிக்கல் பணப்புழக்கம். மருத்துவ எஃப்.எஸ்.ஏ.வில் ஆண்டின் முதல் நாளிலேயே முழுத்தொகையையும் எடுத்துச் செலவழிக்கலாம். டேகேர் கணக்கில் அதுவரை சம்பளத்தில் பிடித்த அளவுதான் கிடைக்கும். அதுவும் சேவை நடந்து முடிந்த பிறகு. ஆகவே ஜனவரியில் ஒரு குடும்பம் டேகேருக்கு முழுக் கட்டணமும் கட்டுகிறது; அதே மாதத்தில் சம்பளத்திலும் பிடித்தம் நடக்கிறது. திரும்பி வரும்வரை இரண்டையும் தாங்க வேண்டும். கையில் சேமிப்பு உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாதக் கடைசியில் கடன் அட்டையைத் தேய்ப்பவருக்கு, வரியில் மிச்சமானது வட்டியில் போய்விடும்.

மூன்றாவது, முன்கூட்டியே கட்டுப்பட வேண்டிய நிலை. அடுத்த ஆண்டு முழுவதும் எவ்வளவு செலவாகும் என்பதை நவம்பரிலேயே முடிவுசெய்ய வேண்டும். குழந்தை பிறப்பு, தத்தெடுப்பு, வேலைமாற்றம், டேகேர் மாற்றம், கட்டண மாற்றம் போன்ற காரணங்கள் இருந்தால் மட்டுமே நடுவில் மாற்றலாம். அதற்கும் கெடு உண்டு. பல நிறுவனங்களில் 30 நாள். நம் குடும்பங்களில் இது அடிக்கடி நேர்வது. ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் ஆறு மாதம் வந்து தங்குவார்கள். குழந்தையை டேகேரிலிருந்து நிறுத்திவிடுவார்கள். சம்பளத்தில் பிடித்தம் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். காசு வாங்காத உறவினரிடம் பராமரிப்பு மாறுவதும் தொகையைக் குறைக்கத் தக்க காரணம்தான். இது தெரிந்து, கெடுவுக்குள் ஹெச்.ஆருக்கு எழுதியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், தெரியாதவர்கள் இழக்கிறார்கள். 2020இல் டேகேர்கள் ஒட்டுமொத்தமாக மூடியபோது இந்த விறைப்பின் விளைவு நாடு முழுக்கத் தெரிந்தது. வரித்துறையும் காங்கிரஸும் தலையிட்டு, நடுவில் மாற்றவும் மீதியைக் கொண்டுசெல்லவும் தற்காலிக அனுமதி தர வேண்டியிருந்தது. விதிகளைத் தளர்த்தினால் வானம் இடிந்து விழாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நெருக்கடி தீர்ந்ததும் பழைய விதிகளே திரும்பிவிட்டன.

விதிகளின் சில நுணுக்கங்களும் பெற்றோரைத் தடுக்கி விழச்செய்பவை. கோடையில் பகல்நேர முகாம் செல்லும். இரவு தங்கும் முகாம் செல்லாது. ப்ரீஸ்கூல் கட்டணம் செல்லும். தனியார் கிண்டர்கார்டன் படிப்புக் கட்டணம் செல்லாது. கணவனும் மனைவியும் வெவ்வேறு நிறுவனங்களில் வேலை செய்து, ஆளுக்கு 7,500 ஒதுக்கினால் இரட்டிப்புச் சலுகை கிடைக்காது. வரம்பு குடும்பத்துக்கு ஒன்றுதான். மிஞ்சிய 7,500 டாலருக்கும் வருமான வரி வந்துவிடும்.

யாருக்குக் கதவு அடைப்பு

நடைமுறைக் குறைகளை எச்சரிக்கையால் சமாளிக்கலாம். அமைப்பிலேயே உள்ள குறைகளை எந்தத் தனிமனிதரின் கவனமும் சரிசெய்யாது.

முதலாவது, இந்தக் கணக்கை நிறுவனம் தந்தால்தான் உண்டு. பெரிய மென்பொருள் நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள் தருகின்றன. உணவகத்தில் பரிமாறுபவர், கடையில் பில் போடுபவர், முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருப்பவர், ஊபர் ஓட்டுபவர் ஆகியோருக்கு இது பெரும்பாலும் எட்டாது. சொந்தத் தொழில் செய்பவர் தன் சம்பளத்திலிருந்து இப்படி ஒதுக்கிக்கொள்ளச் சட்டமே இடம் தருவதில்லை. குழந்தையின் தேவை பெற்றோரின் முதலாளி யார் என்பதைப் பொறுத்தது இல்லை. சலுகையோ அதைப் பொறுத்தே இருக்கிறது.

இரண்டாவது, கணவன், மனைவி இருவருக்கும் வருமானம் வேண்டும். இருவரில் குறைந்த வருமானம் எவ்வளவோ அதற்குமேல் சலுகை கிடையாது. ஹெச்-1பி விசாவில் கணவர் வேலை செய்ய, ஹெச்-4 விசாவில் உடன் வந்த மனைவிக்கு வேலை அனுமதி இல்லையென்றால், அந்தக் குடும்பத்துக்கு இந்தக் கதவு அடைப்பு. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் ஐ-140 கட்டம் தாண்டியவர்களுக்கு 2015இல் வேலை அனுமதி பெறும் வழி பிறந்தது. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் படித்த படிப்போடு வீட்டில் இருக்கிறார்கள். மனைவி முழுநேர மாணவியாகச் சேர்ந்தால் சட்டம் அவருக்கு ஒரு கற்பித வருமானத்தைத் தருகிறது: படிக்கும் மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழந்தை என்றால் 250 டாலர், இரண்டு அல்லது அதற்குமேல் என்றால் 500 டாலர். ஒன்பது மாதம் படிக்கும் ஒரு தாய்க்கு, ஒரு குழந்தையின் டேகேர் செலவில் 2,250 டாலர்வரைதான் வரியில்லாமல் ஒதுக்க முடியும். பல இடங்களில் ஒன்றிரண்டு மாதக் கட்டணத்துக்குத்தான் அது காணும்.

மூன்றாவது, இதை ஒரு சமூகக் கொள்கையாகப் பார்க்கும்போது மிகக் கடுமையான குறை: வரிவிலக்கின் மதிப்பு வருமானத்தோடு சேர்ந்து ஏறுகிறது. 24 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 7,500 டாலரில் 2,374 டாலர் மிச்சம். 12 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 1,474. வருமான வரியே கட்டத் தேவையில்லாத அளவுக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் தாய்க்கு, வரிவிலக்கால் பெரிதாக எதுவும் மிச்சமாவதில்லை. அவரால் சம்பளத்தில் 7,500 டாலரை ஒதுக்கிவைத்துக் காத்திருக்கவும் முடியாது. இருவரும் ஒரே டேகேரில் ஒரே கட்டணம் கட்டினாலும், மேலே இருப்பவருக்கு அரசு கூடுதலாகக் கொடுக்கிறது.

இதைச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது. அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்களே சலுகையை அள்ளிக்கொள்ளாமல் இருக்க, மற்ற ஊழியர்கள் பெறும் சராசரிப் பலன், அதிகச் சம்பளக்காரர்கள் பெறும் சராசரியில் 55 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று ஒரு சோதனை வைத்திருக்கிறது. சோதனையில் நிறுவனம் தோற்றால், அதிகச் சம்பளக்காரர்களின் சலுகையை வெட்டுகிறார்கள். குறைந்த சம்பளக்காரருக்கு அதனால் ஒரு டாலரும் கூடுவதில்லை. மேலே இருப்பவரைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் கீழே இருப்பவர் ஏறிவிட மாட்டார்.

கிரெடிட்டா, கணக்கா

இதே செலவுக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது: குழந்தை மற்றும் சார்ந்திருப்போர் பராமரிப்பு டாக்ஸ் கிரெடிட். கட்டவேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழித்துக்கொள்வது இது. ஒரு குழந்தைக்கு 3,000 டாலர், இரண்டு அல்லது அதற்குமேல் என்றால் 6,000 டாலர்வரை உள்ள செலவில், வருமானத்தைப் பொறுத்து மாறும் ஒரு பங்கு கிடைக்கும். ஒரே செலவுக்கு இரண்டையும் எடுக்க முடியாது. எஃப்.எஸ்.ஏ.வில் எடுத்த ஒவ்வொரு டாலரும் கிரெடிட்டுக்கான வரம்பிலிருந்து கழிந்துவிடும்.

2025 வரை, 2021ஐத் தவிர, நடுத்தர வருமானத்துக்கும் அதற்கு மேலும் இந்த கிரெடிட் 20 சதவீதம்தான். ஆகவே வாய்ப்புள்ளவர்கள் யோசிக்காமல் எஃப்.எஸ்.ஏ.வை எடுத்தார்கள். 2026 முதல் நிலைமை மாறிவிட்டது. மிகக் குறைந்த வருமானத்தில் 50 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக 35 சதவீதத்துக்கு இறங்கி, இணைந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 1,50,000 டாலர் வருமானம்வரை அந்த 35 சதவீதம் நிற்கிறது. அதன் பிறகு மெல்ல இறங்கி 20 சதவீதத்தில் நிலைகொள்கிறது. இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய பழக்கத்தில் கட்டத்தை நிரப்புபவர்கள் இழக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. இருவரும் சேர்ந்து ஒரு லட்சம் டாலர் சம்பாதிக்கும் தம்பதி, 12 சதவீத வரம்பு, இரண்டு குழந்தைகள், செலவு இரு சலுகைகளின் உச்சவரம்பையும் தாண்டியது. எஃப்.எஸ்.ஏ.வில் 7,500 ஒதுக்கினால் மிச்சம் 1,474 டாலர். எதையும் ஒதுக்காமல் கிரெடிட்டை எடுத்தால் 6,000 டாலரில் 35 சதவீதம், அதாவது 2,100 டாலர். இவர்களுக்குக் கிரெடிட்தான் நல்லது. 600 டாலருக்கு மேல் வித்தியாசம். இதே தம்பதிக்கு ஒரே குழந்தை என்றால் கிரெடிட் 1,050 டாலர்தான், எஃப்.எஸ்.ஏ. முந்திவிடுகிறது. வருமானம் மூன்று லட்சம் டாலர், வரம்பு 24 சதவீதம் என்றால் கிரெடிட் 600 அல்லது 1,200, எஃப்.எஸ்.ஏ. 2,374. அங்கே கேள்விக்கே இடமில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2026இல் 1,84,500 டாலருக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 6.2 சதவீத சோஷியல் செக்யூரிட்டி வரி கிடையாது. ஒருவர் அந்த எல்லைக்கு மேல், மற்றவர் கீழ் என்றால், குறைந்த சம்பளம் வாங்குபவரின் கணக்கில் ஒதுக்குவதே லாபம்.

கிரெடிட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கட்டவேண்டிய வரி பூச்சியமாகிவிட்டால், மீதி கிரெடிட்டை அரசு கையில் தராது. 50 சதவீதம் என்று எழுதப்பட்டிருக்கும் மிகக் குறைந்த வருமானக்காரருக்குக் கழிக்க வரியே இருப்பதில்லை. ஆகவே அந்த உயர்ந்த சதவீதம் சட்டப் புத்தகத்தில் நிற்கிறது; அவருடைய வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. 2021இல் மட்டும், ஒரே ஓர் ஆண்டு, வரி இல்லாதவருக்கும் கிரெடிட் பணமாகவே கிடைத்தது. செலவு வரம்பும் 8,000, 16,000 டாலர்களாக உயர்ந்திருந்தது. அந்த ஆண்டு செய்ய முடிந்ததை ஏன் தொடர்ந்து செய்ய முடியாது என்ற கேள்விக்கு நிர்வாகக் காரணம் எதையும் சொல்ல முடியாது. அது அரசியல் விருப்பம் சார்ந்தது.

சந்தை செய்யாதது

இந்தச் சலுகைகள் எல்லாமே பெற்றோர் பக்கத்தில் சில டாலர்களை வைப்பவை. அவை ஒரு டேகேரைக்கூடக் கட்டுவதில்லை. இடமில்லாத ஊரில், ஆறு மாதக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதி வைத்திருக்கும் தாய்க்கு 7,500 டாலர் வரிவிலக்கு எந்தத் தீர்வும் தராது. டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களின் இடைநிலைச் சம்பளம் மணிக்கு 15 டாலர் சொச்சம். கட்டணம் பெற்றோருக்குத் தாங்க முடியாத உயரத்தில், சம்பளம் ஊழியருக்குத் தாங்க முடியாத தாழ்வில். ஒருவர் சில குழந்தைகளுக்கு மேல் பார்க்க முடியாது என்பதால் இந்தத் தொழிலில் செலவைக் குறைக்க இடமில்லை. பொதுப்பணம் நேரடியாக உள்ளே வராமல் இந்த இடைவெளி மூடாது.

அப்படிப் பணம் வரும்போது என்ன நடக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 1989 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் குழந்தைகளுக்காக வருமானத்துக்கேற்ற கட்டணத்தில், தரம் சரிபார்க்கப்பட்ட காப்பகங்களை நடத்தி வருகிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளொன்றுக்கு 5 டாலர் கட்டணத்தில் டேகேர் திட்டத்தைத் தொடங்கியது. நியூ மெக்சிகோ மாநிலம் 2025 நவம்பர் முதல் வருமான வரம்பு பார்க்காமல் இலவசக் குழந்தைப் பராமரிப்பை அறிவித்திருக்கிறது. 1971இல் நிராகரிக்கப்பட்ட பாதை முடியாத பாதை இல்லை. அமெரிக்காவுக்குள்ளேயே அது நடந்துகொண்டிருக்கிறது.

‘தனியார் நிறுவனங்களின் வழியாகச் சலுகை தருவதே பெற்றோரின் சுதந்திரத்தை மதிப்பது, அரசுக் காப்பகம் என்றால் எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கப்படுவார்கள்’ என்று இந்தக் கணக்கை ஆதரிப்பவர்கள் வாதிடுகிறார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை முக்கியம்தான். பாட்டியிடமோ, பக்கத்து வீட்டு அம்மாவிடமோ, ஆலயம் நடத்தும் மையத்திலோ குழந்தையை விட விரும்பும் பெற்றோரை அரசு தடுக்கக் கூடாது. ஆனால் இந்தக் கணக்கு எந்த விதத்தில் சுதந்திரத்தை விரிக்கிறது? வரி எண் இல்லாத பாட்டிக்குக் கொடுக்கும் பணம் இதில் சேராது. வேலை அனுமதி இல்லாத மனைவியின் குடும்பம் சேராது. திட்டம் தராத முதலாளியிடம் வேலை செய்பவர் சேர மாட்டார். தேர்வுரிமை உண்மையிலேயே இருக்க வேண்டுமென்றால் பணம் பெற்றோரின் கைக்கு, அவர்களுடைய முதலாளி யாராக இருந்தாலும், வர வேண்டும்.

செய்ய வேண்டியது

சட்டம் இயற்றுபவர்களிடம் கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. வரம்பை விலைவாசியோடு இணைக்க வேண்டும். செலவழியாத பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதிக்க வேண்டும். கிரெடிட்டை, வரி இல்லாதவருக்கும் பணமாகத் தர வேண்டும். அதன் 3,000, 6,000 டாலர் வரம்புகள் இன்றைய கட்டணத்தில் மிகச் சிறியவை; அவற்றை உயர்த்த வேண்டும். இந்த நான்கும் நடந்தால் எஃப்.எஸ்.ஏ. என்ற கணக்கின் தேவையே குறைந்துவிடும். அது நல்லதுதான். முதலாளியின் வழியாக வரும் சலுகையைவிடக் குடிமக்களுக்கு நேரடியாக வரும் உரிமை மேலானது.

அதுவரை, இந்த நவம்பரில் அந்தக் கட்டத்தின் முன் உட்காரும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். உங்கள் வருமானம், குழந்தைகளின் எண்ணிக்கை, மாநிலம் மூன்றையும் வைத்து இரண்டு சலுகைகளையும் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு குழந்தைகள் உள்ள நடுத்தரக் குடும்பமாக இருந்தால், 2026 முதல் கிரெடிட்டே முந்தக்கூடும். எஃப்.எஸ்.ஏ. என்று முடிவு செய்தால், ஆண்டில் நிச்சயமாகச் செலவாகும் தொகையை மட்டும் ஒதுக்குங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வரப்போகும் மாதங்களைக் கழித்துவிடுங்கள். உங்கள் நிறுவனம் வரம்பை 7,500க்கு உயர்த்தியிருக்கிறதா என்று கேளுங்கள். சட்டம் அனுமதித்தாலும் நிறுவனம் தன் திட்டத்தைத் திருத்தினால்தான் அது கிடைக்கும். ரசீதுகளை மாதாமாதம் அனுப்புங்கள், மார்ச் வரை தள்ளிப்போடாதீர்கள். உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தை முறைப்படி கணக்கில் காட்டுங்கள்.

இந்தச் சலுகையால் மிச்சமாகும் இரண்டாயிரம் டாலர் உங்களுக்கு உரியது. குற்றவுணர்வு இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதே டேகேரில் அதே கட்டணம் கட்டும் இன்னொரு தாய்க்கு அது கிடைக்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். வாக்குரிமை உள்ளவர்கள் தங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதும்போது, தங்கள் வரம்பை உயர்த்தக் கேட்பதற்கு முன், அந்தத் தாய்க்கும் கிரெடிட் பணமாகக் கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள்.